உப்பும் ஐஸும் போட்டு வைத்த மருந்து

என் பெயர் ஸ்டெல்லா, வயது 51. மீன் வியாபாரி ஆரோக்கியசாமியின் மனைவி. ஐதராபாத் திருமுல்கேரியில் மார்க்கெட்டுக்குப் பின்புறம் குடியிருக்கிறேன். மூன்றாவது வரைதான் படித்திருப்பதால், நான் தமிழில் சொல்லச் சொல்ல ஸ்டேஷன் ஏட்டு குணசேகரன் எழுதுகிறார்.

என் கணவருக்கு இரைப்பையில் புற்றுநோய். சாதாரண கீமோவை உடம்பு தாங்காததால் டாக்டர் வேறு மருந்து சொன்னார். கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைக்குள் மருந்தை அடைத்து, மேலே ஆன்டிபாடி ஒட்டியிருப்பார்கள், அது புற்றுநோய் செல்லைத் தேடிப்போய் அங்கே மட்டும் மருந்தை இறக்கும் என்றார். "இவரை விட விவரமாத்தான் இருக்கு. இவருக்கு ஒயின் ஷாப்பை சுத்தி வந்தாத்தான் வீடே தெரியும்" என்றேன். டாக்டரும் அவரும் சிரித்தார்கள்.

அதன்பின் என் கணவர் பெயருக்கு அனுமதி வாங்கி வெளிநாட்டிலிருந்து ஒரு குப்பி வந்தது. அமீர்பேட் ஏஜென்சியில், சில்லென்று இருக்கட்டும், உறையக் கூடாது என்று சொல்லிக் குளிர்ப்பெட்டியோடு கொடுத்தார்கள். மே மாத வெயில். வீட்டுக்கு வந்ததும் அவர் பெட்டியிலிருந்த ஜெல் பையைத் தொட்டுப் பார்த்து, "இது நக்கோ, வேணாம். எனக்கா ஐஸ் போடச் சொல்லித் தர்றானுங்க" என்று சொல்லி, மீன் பெட்டியில் நொறுக்கிய ஐஸும் கல் உப்பும் கலந்து நடுவில் குப்பியைப் புதைத்தார். "கட்டின பொண்டாட்டிக்கு இப்படி ஒரு படுக்கை போட்டதுண்டா" என்று கேட்டேன். "சும்மா இருடி, உசுரு இதுலதான் இருக்கு" என்றார்.

மறுநாள் வார்டில் நர்ஸ் அனுபமா குப்பியை வாங்கி உள்ளே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். உப்பு சேர்ந்தால் ஐஸின் குளிர் இன்னும் ஏறும், அதில் மருந்து உறைந்து உருண்டைகள் உடைந்துவிட்டன, ஏற்றினால் விஷம் உடம்பு முழுக்கப் பரவும், வேறு குப்பிதான் வரவழைக்க வேண்டும் என்றார். அது வர நாளாகும் என்றும் சொன்னார். தன் கையாலேயே கெட்டது என்று என் கணவருக்குத் தெரிய வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அதன்பின் அனுபமா அவர் கட்டிலருகே போய், "உள்ளே எடுத்துட்டுப் போனப்போ நான்தான் கெடுத்துட்டேன், அங்கிள்" என்றார். அவர் எழுந்து உட்கார்ந்து கத்தினார். அவ்வளவு சத்தம் அவருக்குள் மிச்சமிருந்தது எனக்கே தெரியாது.

அடுத்த குப்பி வருவதற்குள் அவர் இறந்துபோனார். அண்ணன் சொன்னதை நம்பித்தான் என் கொழுந்தன் அல்போன்ஸ் அனுபமா மேல் புகார் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்தி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அனுபமா எதையும் கெடுக்கவில்லை. என் கணவர் கண் மூடும்வரை அந்தப் பெண்ணைத்தான் திட்டினார். தன்னை ஒரு வார்த்தை திட்டிக்கொள்ளவில்லை.

ஏட்டு படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நடந்தது.

(ஒப்பம்) ஸ்டெல்லா