பூண்டு சேர்க்காத வீடு

எங்கள் வீட்டில் பூண்டு சேர்ப்பதில்லை. ஸ்ரீரங்கம் கீழ உத்திர வீதியில் மூன்று தலைமுறையாக இருக்கிறோம். வெங்காயமே என் தம்பி காலத்தில்தான் திருட்டுத்தனமாக உள்ளே வந்தது. அதனால் நீங்கள் வரவழைத்த மசால் வடை அப்படியே இருக்கட்டும், இன்ஸ்பெக்டர் மேடம். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பூண்டு தட்டிப் போட்டிருக்கிறார்கள், பொட்டலம் வாசலில் வரும்போதே தெரிந்துவிட்டது.

வேணியைப் பற்றிக் கேட்டீர்கள். என்னிடம் ஆராய்ச்சி செய்த பெண். எடமலைப்பட்டி புதூர். அப்பா இல்லை, அம்மா ராக்கம்மாள் இட்லிக்கடை போட்டுப் படிக்கவைத்தாள். நல்ல பெண், ரொம்பக் கெட்டிக்காரி. அவ்வளவு கெட்டிக்காரத்தனம் வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் ஆராய்ச்சி கேசிட்டரைட் பற்றியது. பயந்துவிடாதீர்கள், வெள்ளீயத்தின் தாது, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் ரசம் வைக்கிற ஈயச்சொம்பு பூமிக்கு அடியில் கிடந்தபோது அதற்கு அதுதான் பெயர். பதினெட்டு வருஷத்துக்கு முன் துறையூர்ப் பக்கம் ஓர் ஓடை மணலில் கறுப்பு மணிகளைப் பார்த்து, இது கேசிட்டரைட் என்று கட்டுரை எழுதினேன். அந்த ஒரு கட்டுரையில் பேராசிரியர் ஆனேன், துறைத் தலைவர் ஆனேன். வந்த பொன்னாடைகளில் வீட்டில் தலையணை உறை தைத்தார்கள். வருகிற ஜூனில் ஓய்வு. பாராட்டு விழாவுக்குத் தென்னூரில் மண்டபம்கூடப் பார்த்தாயிற்று.

கேசிட்டரைட்டுக்கு ஒரு சின்னச் சோதனை உண்டு. துத்தநாகத் தகட்டில் மணியை வைத்து அமிலம் விட்டால், மேலே வெள்ளி மாதிரி ஈயம் படியும். முதல் வருஷப் பிள்ளைகள் செய்கிற சோதனை. அதனால்தான் நான் செய்யவில்லை. பேராசிரியர் ஆகப்போகிறவன் அதையெல்லாம் செய்துகொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்?

வேணி செய்தாள். என் ஓடை மணிகள் கறுப்பாகவே உட்கார்ந்திருந்தன.

"இது ரூட்டைல் சார், டைட்டானியத் தாது. இதுல ஈயமே இல்லீங்க," என்றாள். குரலில் சந்தோஷம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அழுகிற மாதிரிதான் நின்றாள். "ஒருவேளை நான்தான் தப்பா செஞ்சுட்டேனோ என்னவோ. அசல் கேசிட்டரைட் ஒண்ணு குடுத்தீங்கன்னா வெச்சுப் பாத்துடறேன். அதுல படிஞ்சா மட்டும் தீசிஸ்ல எழுதித்தான் சார் ஆகணும்."

பதினெட்டு வருஷத்தை ஒரு சொட்டு அமிலத்தில் கரைத்துவிட்டு, இதில் மரியாதை வேறு.

என் பீரோவில் வெளிநாட்டுச் சுரங்கத்துக் கட்டி ஒன்று இருந்தது. அசல் சரக்கு. கேட்டாள், கொடுத்தேன். கேட்டதைக் கொடுக்காத வாத்தியார் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

மறுநாள் பதினொன்றரைக்கு ஆய்வகத்தின் எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தினேன். விழா மலருக்கு ஃபோனில் பேட்டி. அந்த ஃபேன் லாரி மாதிரி இரையும். ஃபேனை நிறுத்துவது குற்றம் என்றால், கரண்ட் பில்லுக்குப் பயந்த பாதித் திருச்சி உள்ளே இருக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் வேணி எட்டிப் பார்த்தாள். "சார், பூண்டு வாசம் வருது."

"கேன்டீன்ல ரசம் கொதிக்கறதும்மா. நீ வேலையைப் பாரு," என்றேன். அவள் உள்ளே போனதும் கதவைச் சாத்தினேன். வராந்தாவில் பிள்ளைகள் நடமாடுவார்கள், நெடி வரக்கூடாது அல்லவா.

ஒன்றரைக்குத் தகட்டை ஏந்திக்கொண்டு வந்தாள். கட்டியின் மேல் அழகாக ஈயம் படிந்திருந்தது. "படிஞ்சிடுச்சு சார். சோதனை சரிதான்," என்றாள். தலை வலிக்கிறது என்று மன்னார்புரத்தில் பஸ் ஏறிப் போனாள்.

மறுநாள் ராக்கம்மாள் ஃபோன் செய்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து. "ஐயா, ஒண்ணுக்கு ரத்தமா போவுதுங்க. புள்ள எதை மோந்துச்சுன்னு டாக்டர் கேக்குறாரு. தெரிஞ்சா காப்பாத்திடலாம்னு சொல்றாருங்க. சொல்லுங்கய்யா." கேசிட்டரைட் என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். பொய் சொல்லவில்லை. கேசிட்டரைட்டில் விஷம் கிடையாது. எந்தப் புத்தகத்தை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள். டாக்டரும் புரட்டியிருப்பார், பாவம். மூன்றாம் நாள் போய்விட்டாள். நான் மாலையோடு போயிருந்தேன்.

உங்கள் மேசையில் இருக்கிறதே, அவளுடைய நோட்டு, அதை நானும் படித்தேன். '11.50, பூண்டு வாசம். கேன்டீன் ரசம் என்கிறார் சார்.' கண்டது, கேட்டது, மோந்தது எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுது என்று பழக்கியவன் நான்தான். மற்ற பிள்ளைகள் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார்கள். இவள் ஒருத்திதான் கேட்டாள். அன்று கேன்டீனுக்கு விடுமுறை என்பதை நான் கவனிக்கவில்லை. நான் அங்கே சாப்பிடுவதில்லை.

பூண்டு வாசனைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியுமா என்கிறீர்கள். அந்தக் கட்டியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. என் கையெழுத்துதான். 'ஆர்செனிக் கலந்தது. அமிலம் பட்டால் விஷவாயு. பூண்டு வாசம் வந்தால் உடனே வெளியேறவும்.' கொடுப்பதற்கு முன் உரித்தேன். பழைய பசை, நகம் பட்டதுமே வந்துவிட்டது. ஆமாம், தெரிந்துதான் கொடுத்தேன், தெரிந்துதான் கதவைச் சாத்தினேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஆசாரம் கெட்டவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த வாசம் சட்டையில் ஒட்டியிருக்குமோ என்று, அன்று கிணற்றடியிலேயே தலைக்குக் குளித்து, மடி வேஷ்டி கட்டிக்கொண்டுதான் சமையலறைக்குள் காலை வைத்தேன்.