பதினோராம் எண்ணுக்குப் பேனா மை

மாலையின் கனத்தில் கழுத்து சாய்ந்திருக்கும் தலைவர் இருதயநாதன் அவர்களே, மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்த சாமர்த்தியசாலிகளே, சிங்கவரத்திலிருந்தும் வல்லத்திலிருந்தும் வந்த உறவுகளே, வணக்கம்!

செயற்கைக்கோள் செம்மல் பாண்டுரங்கனார் என் தங்கை அமிர்தவல்லியின் கணவர். ரஷ்யாக்காரன் அங்கே பொத்தானை அழுத்துவதற்குள் இங்கே செஞ்சியில் மொட்டைமாடி ஏறிவிடுவார்! ஒரே ராக்கெட்டில் இருபது குட்டிக் கோள்கள் போகும். வானத்தைக் கண்காணிப்பவர்கள் முதலில் விடும் பட்டியலில் வெறும் எண்களும் அவை போகும் பாதையும்தான்; பெயர் இருக்காது. எந்த எண் எந்தக் கோள்? திருவிழா பஸ்ஸில் இறங்கும் கூட்டத்தில் முகம் தெரியாத சம்பந்தியைத் தேடுகிற வேலை! அதைச் செய்தவர் யார்? தச்சர் பச்சமுத்துவின் இரும்பு டேப்பை வெட்டி ஆண்டெனா கட்டிய நம் பாண்டுரங்கனார்!

"யோவ், என் டேப்பு எங்கய்யா?" என்று பச்சமுத்து கத்தினார்.

"மேல ரஷ்யாவ அளந்துனு இருக்குது. வரும், இரு" என்றாரே! அந்த வாய் எங்கே?

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. கணித்த பெயரை நோட்டில் பென்சிலால் எழுதுவார். சொன்ன நிமிடத்தில் அந்தக் கோளின் 'பீப்' ரேடியோவில் கேட்டால்தான் பேனா. முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்களைப் பேனாவால் எழுதிய கை அது! மாஸ்கோவே செஞ்சிக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கும், வெட்கம் தடுத்துவிட்டது!

கடைசிப் பெயர் மட்டும் பென்சிலிலேயே நிற்கிறது. ரஷ்ய மாணவர்கள் செய்த கோள். பதினோராம் எண் என்றார் அவர்.

"போ மாப்ள, அது ஏழு. பதினொன்னு ராக்கெட்டோட மூடி" என்று சிரித்தேன் நான்.

"நாளைக்குக் கேட்டுக் காட்றேன். அப்ப மூஞ்சிய எங்க வச்சிக்கிறன்னு பாக்கலாம்" என்றார். அந்த நாளைக்கு அவர் இல்லை. அமிர்தம் மூடி வைத்த நோட்டு இன்று காலைதான் திறந்தது.

சபையோரே! பத்து நாற்பதுக்குப் பதினோராம் எண் நம் ராஜகிரிக் கோட்டைக்கு மேலே வருகிறது. ஏழு வர அதற்குப் பிறகும் அரைமணி ஆகும். இப்போது சத்தம் வந்தால் அவர் சொன்னது சரி. வராவிட்டால் அவர் எழுத்தை ரப்பரால் அழிக்க வேண்டும். எதுவானாலும், அடுத்த ராக்கெட்டுக்கு மாடி ஏறப்போவது நான். என் மூட்டுவலி மீது ஆணை!

ஜன்னலோரம் அவர் நண்பர் லாரன்ஸ் ரேடியோவோடு ஆண்டெனா பிடித்திருக்கிறார். மௌன அஞ்சலிக்கு எழுந்து நில்லுங்கள். செல்போன்களை அணையுங்கள். நானும் வாயை மூடுகிறேன்; செஞ்சிச் சரித்திரத்தில் முதல் முறை!

...

கேக்குதா?

ஐயையோ, கேக்குதே! பதினொன்னுதான்! மாப்ள, என் மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?

அமிர்தம், எழுந்து வாம்மா. இந்தா பேனா.