ஐம்பத்தெட்டாவது தப்பு

உங்கள் தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது, இன்ஸ்பெக்டர். முதல் மடக்கு இடது கையில் குடித்தீர்கள். இப்போது கோப்பை வலது பக்கம் இருக்கிறது. குற்றமாகச் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷம் சினிமாவில் இதைப் பார்ப்பதுதான் எனக்கு வேலை. எழுபத்திரண்டு வயதாகிறது, கண்ணை மூடினாலும் அந்தப் பழக்கம் நிற்கமாட்டேன் என்கிறது.

ஹெஸ்டர் பிராட்வுட் என்று உங்கள் தாளில் எழுதியிருப்பது சரி. ‘ஏழாம் பாய்மரம்’ படத்தில் நான் தொடர்ச்சி பார்ப்பவள். ஒரே சண்டையைத் திங்கள் பாதி, செவ்வாய் பாதி எடுப்பார்கள். தொப்பி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, மெழுகுவத்தி எவ்வளவு எரிந்திருந்தது என்று நான் குறித்து வைத்துத் தட்டச்சுச் செய்ய வேண்டும். ஒட்டிப் பார்த்தால் ஒரே மூச்சில் நடந்ததுபோல் இருக்க வேண்டும். சரியாக இருந்தால் ஒருவரும் பாராட்டமாட்டார்கள். தப்பினால் ஊரே சிரிக்கும்.

இப்போதும் சிரிக்கிறார்கள். வருஷா வருஷம் ஆகஸ்டில், இந்த ஊர் மாதாகோவில் கூடத்தில் அந்தப் படத்தின் ரசிகர்கள் கூடுகிறார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். மூழ்கிய கப்பலில் காய்ந்த காலுறை, கடற்கொள்ளைக்காரன் கையில் கடிகாரம். போன வருஷம் வரை ஐம்பத்தேழு தப்பு. என்னை முன்வரிசையில் உட்காரவைத்து, பிஸ்கட் கொடுத்து, ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதில் பாதி, நான் எழுதிக்கொடுத்தும் டைரக்டர் கேட்காதவை. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

தேநீருக்குப் பிறகு இன்னொரு விளையாட்டு உண்டு. யார் நடித்திருந்தால் எப்படியிருக்கும் என்பது. அந்தப் படத்தின் முதல் கதாநாயகன் ஹியூ டன்மோர். இரண்டாம் வாரம் பாய்மரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். லயனல் ஃபாரைக் கொண்டுவந்து முதலிலிருந்து எடுத்தார்கள். டன்மோர் நடித்திருந்தால் படம் இன்னும் நன்றாக இருந்திருக்குமா என்று கேட்டுக் கையைத் தூக்கச் சொல்வார்கள். போன வருஷம் ஃபாருக்கு முப்பத்தொன்று, டன்மோருக்கு நாலு. ஒவ்வொரு வருஷமும் நான் திரும்பிப் பார்த்துக் கைகளை எண்ணுவேன். அன்றைக்கு நன்றாகத் தூங்குவேன்.

டன்மோர் கெட்டவர் இல்லை. எல்லோருக்கும் பிடித்தவர். ஆனால் ஒரு தடவை செய்ததை மறுதடவை செய்யமாட்டார். ரம் கோப்பையை இடது கையில் எடுப்பார்; அடுத்த முறை வலது கையில். நான் போய்ச் சொன்னால், என்னைச் சீண்டுவதற்கென்றே மறுபடி மாற்றுவார். “யாரு வாத்தியாரம்மா இதையெல்லாம் உக்காந்து பாக்கப் போறா? காசு குடுத்து வர்றவன் என் மூஞ்சியப் பாப்பானா, டம்ளரப் பாப்பானா?” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மாலையில் டைரக்டரிடம் திட்டு வாங்குவது நான். இன்னொரு முறை ஒட்டாமல் போனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்கு அப்போது இருபத்தொன்பது. அந்த வேலையைத் தவிர எனக்கு வேறொன்றும் இல்லை.

அந்த வேஷத்துக்கு முதலில் சோதித்துப் பார்த்தவர்களில் லயனல் ஃபாரும் ஒருவர். பத்துத் தடவை எடுத்தார்கள். பத்துத் தடவையும் வசனத்தின் அதே சொல்லில் கோப்பையைக் கீழே வைத்தார். என் வாழ்நாளில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. அழுகை வந்துவிட்டது. படத்தை டன்மோருக்குக் கொடுத்தார்கள்.

பாய்மரத்தில் இரண்டு வளையங்கள் இருந்தன. இடது பக்கத்தது நிஜ இரும்பு. வலது பக்கத்தது அழகுக்கு, சாந்தில் செய்து கறுப்புப் பூசியது. திங்கட்கிழமை டன்மோர் தளத்தில்தான் நின்றார். அதனால் ஒரு கயிற்றுச் சுருளை இடது வளையத்தில் சும்மா மாட்டியிருந்தார்கள். செவ்வாய் அவர் முப்பதடி உயரத்தில் நின்று வாள் வீச வேண்டும். இடுப்புப் பட்டையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கம்பி ஒன்று இரும்பு வளையத்துக்குப் போக வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டவர் ஸ்டான் ஓகில்வி. காலையில் சுருளை எடுத்து வலது வளையத்துக்கு மாற்றிவிட்டு, கம்பிக் கொக்கியை இடது வளையத்தில் கோத்தார். கவனமான மனிதர்.

சுருள் பக்கம் மாறியது வேறு யார் கண்ணிலும் படவில்லை. என் கண்ணில் பட்டது. டைரக்டரிடம் சொல்லியிருந்தால் இன்னொரு இரும்பு வளையம் அடித்திருப்பார்கள். அரை மணி நேர வேலை. எல்லோரும் சாப்பிடப் போனபோது, திங்கட்கிழமைப் புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். சுருளை இடது பக்கம் மாட்டினேன். கொக்கியை வலது பக்கம் மாட்டினேன். நான் எதையாவது தொட்டால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அது என் வேலை.

மதியம் வெயில் போய்விடும் என்று அவசரப்படுத்தினார்கள். ஓகில்வி கம்பியின் மறுமுனையை டன்மோரின் இடுப்பில் மாட்டி, ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தார். ஓர் இழுப்புக்கு வளையம் நின்றது. ஓர் ஆளின் கனத்துக்கு நிற்கவில்லை. ஒத்திகையில் டன்மோர் இடது காலை முன்னால் வைத்திருந்தார். எடுக்கும்போது வலது காலை வைத்தார், சறுக்கிவிட்டது. ஒத்திகையில் செய்ததையே செய்திருந்தால் கம்பிக்கு வேலையே வந்திருக்காது. இதையும் உங்கள் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அவருக்கு நாலு மாதக் குழந்தை இருந்தது. பெண் குழந்தை என்று பத்திரிகையில் போட்டார்கள். ஆண் குழந்தை.

விசாரணையில் ஓகில்வி தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றார். “கயித்த வலப்பக்கந்தான் மாட்டுனேன். கம்பிய இரும்புலதான் கோத்தேன். எங்கையாலயே கோத்தேன்யா,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என்னிடம் சுருள் எங்கே இருந்தது என்று கேட்டார்கள். இடது பக்கம் என்றேன். உண்மைதான். யார் மாட்டியது என்று கேட்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதன்பின் எந்த ஸ்டூடியோவும் அவரைச் சேர்க்கவில்லை. பஸ் கழுவப் போனார். ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். நான் ஒருத்திதான் வந்தேன் என்று கையைப் பிடித்துக்கொண்டார். சாகும்வரை கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்பினார்.

நாற்பத்து மூன்று வருஷம் போய்விட்டது. சனிக்கிழமை ரசிகர் கூட்டத்தில் ஓகில்வியின் மகன் கிளைவ், படத்தில் ஒரு நாலு வினாடியைத் திரையில் நிறுத்திக் காட்டினான். அந்த நாலு வினாடி டன்மோருடையது. வானம் நன்றாக வந்திருக்கிறது, முகம் தெரியவில்லை என்று, அவர் விழுவதற்கு முன்பு வரை வெட்டி வைத்துக்கொண்டார்கள். அதில் சுருள் இடது பக்கம். முன்னும் பின்னும் ஃபார் வரும் காட்சிகளில் வலது பக்கம். ஐம்பத்தெட்டாவது தப்பு என்று கூடமே கைதட்டியது. கிளைவ் சிரிக்கவில்லை.

மறுநாள் வீட்டுக்கு வந்து அந்த இரண்டு நாள் தாள்களைக் கேட்டான். எரித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். என் தாளை நான் எரிக்கமாட்டேன். எடுத்துக் கொடுத்தேன். திங்கட்கிழமைத் தாளில், ‘வலது வளையம் சாந்து, பாரம் தாங்காது’ என்று நானே தட்டச்சுச் செய்திருந்தேன். செவ்வாய்த் தாளில், ‘பிற்பகல் 1.20. சுருள் இடது பக்கத்துக்கு மாற்றப்பட்டது’ என்று இருந்தது. அதன் கீழே என் கையெழுத்து.

நெடுநேரம் படித்தான். “எங்கப்பா சாகுறப்பக்கூட, ஒருவேளை நான்தான் மறந்துட்டேனோன்னு சொல்லிட்டே போனாரு மேடம். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே,” என்றான்.

அவர் என்னிடம் கேட்கவில்லை என்றேன்.

கத்துவான் என்று நினைத்தேன். தாள்களை மடிக்காமல் உறையில் வைத்துக்கொண்டு உங்களிடம் வந்திருக்கிறான். அவன் அப்பா பெயர் தேறட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை. களைத்துப்போய்விட்டேன். தெரிந்துதான் மாட்டினேன், இறந்துவிடுவார் என்று தெரிந்துதான் மாட்டினேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கிளைவிடம் சொல்லிவிடுங்கள். அந்த ஐம்பத்தெட்டாவதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். திங்கட்கிழமைப் புகைப்படத்தையும் அந்த நாலு வினாடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் சுருள் இடது பக்கந்தான் இருக்கிறது. அது தப்பு இல்லை.