உயிரோடு இருக்கிறார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்

…தப்பு தானியேல் மேல வே! நூத்துக்கு நூறு அவன் மேல. நீரே சொல்லும். ஆட்டோவுல கொழா ஸ்பீக்கரக் கட்டி தெருத்தெருவா துட்டி, அதான் சாவுச் சேதி, சொல்லுத பய, பென்டிரைவ்ல என்ன இருக்குன்னு ஒருக்கா கேட்டுப் பாக்கண்டாமா? சொருவுனான், பட்டனத் தட்டுனான், பீடியப் பத்த வச்சான். இப்ப எம் பொண்டாட்டி பொறந்த வீட்டுக்குப் போயிட்டா!

கொஞ்சம் தள்ளி உக்காரும், பஸ் குலுக்குல விழுந்துருவேன்… ஆங். நான் சுடலைக்கண்ணு. டவுன்ல வாகையடி முக்குகிட்ட கடை. தண்ணி வராதா, கோயில் கொடையா, துட்டியா, எல்லாத்துக்கும் கம்ப்யூட்டர்ல பேசிப் பதிஞ்சு குடுக்கது நாந்தான்.

சும்மா பேசிருலாம்னு நெனச்சிராதீரும். பதியுதது வீட்டுல வச்சுத்தான். ஃபேன அமத்தணும். பீரோக் கதவத் தொறந்து, சேலைக்கு நடுவுல மைக்க வச்சு, தலையில போர்வையப் போட்டுக்கிட்டுப் பேசணும். வேர்த்து ஊத்தும்! அந்த நேரம் பாத்து பக்கத்து வீட்டு நஃபீஸத் அக்கா குக்கர் விசில் அடிக்கும். அத கம்ப்யூட்டர்ல தேடித் தேடி வெட்டணும். கொழாய்ல போற பேச்சு வேற பைய பேசணும் வே. ஒரு வார்த்த செவுத்துல முட்டித் திரும்புததுக்குள்ள அடுத்தத விட்டம்னா ரெண்டும் கொழம்பிரும். இதெல்லாம் எவனுக்குத் தெரியுது?

எல்லாத்துலயும் மோசம் இந்த ‘ப’தான். வாய்க்காத்து மைக்குல மோதி ‘பொத்து பொத்து’ன்னு வெடிக்கும், சவத்தெளவு. அதனால மொதல்ல ஒரு பேரச் சொல்லி சோதிச்சுப் பாப்பேன். ‘பாப்பாக்குடி பரமசிவம்.’ அது வெடிக்காம வந்துட்டுன்னா எந்தப் பேரும் வந்துரும். யாரு பேரா? எங்க மாமனாரு பேரு.

ஏன் சிரிக்கீரு? நேத்து கோமு ஆச்சி துட்டிக்குப் பதியணும். அவளுக்கும் அதே பாப்பாக்குடி ஊருதான். வழக்கம்போல சோதிச்சேன். வெறும் பேரு மட்டும் சொன்னாப் போதாதுல்லா, ஓட்டமா வந்தாத்தான தெரியும்? ‘பாப்பாக்குடி பரமசிவம் அவர்கள் இன்று காலை இயற்கை எய்தினார் என்பதை’ன்னு… முழுசாச் சொல்லிட்டேன். பொறவு ஆச்சிக்குப் பதிஞ்சேன். ரெண்டும் பென்டிரைவ்ல போயிட்டு.

இன்னிக்கு காலைல பத்து மணி. மாமனாரு சலூன்ல சவரத்துக்கு உக்காந்திருக்காரு. பாதி மூஞ்சில சோப்பு நொரை. ஆச்சி துட்டி முடிஞ்ச கையோட இவரு துட்டி வருது. அப்படியே தெருவுல ஓடி ஆட்டோவ மறிச்சு, ‘ஏலே, நாந்தாம்லே பரமசிவம்!’ங்காரு. தானியேல் என்ன கேட்டிருக்கான் தெரியுமா? ‘அப்ப செத்தது யாரு அண்ணாச்சி?’

அதுக்குள்ள எவனோ எங்க வீட்டுக்குப் போனப் போட்டுட்டான். எம் பொண்டாட்டி தேன்மொழி ‘எப்பா’ன்னு அலறிக்கிட்டு, வீட்டுச் செருப்போட பஸ் ஏறிட்டா வே. அங்கன போயி பாத்தா, மனுசன் வழுவழுன்னு சவரம் பண்ணிட்டு இட்லி தின்னுக்கிட்டு இருக்காரு. உடனே எனக்குப் போனு. ‘இந்தப் பக்கம் வந்துராதிய. எங்கப்பா அனுப்புனாத்தான் நான் வருவேன்.’

அவரு அனுப்பணும்னா, வெளக்கு வைக்கதுக்குள்ள அதே ஆட்டோவுல, அதே தெருவுல, அதே கொரல்ல ‘உயிரோடு இருக்கிறார்’னு சொல்லணுமாம். ஊரு நம்பாதுன்னு அவரே முன்னால உக்காந்து கையக் காட்டுவாராம்! பதிஞ்சாச்சு. பதினேழு தடவ பேசுனேன். இந்தா, பென்டிரைவ் சட்டப்பையில இருக்கு. இதுல இது ஒண்ணுதான் இருக்கு, நாலு தடவ பாத்துட்டேன்.

என்னது? சோதிச்சத ஏன் அப்பவே அழிக்கலன்னா கேக்கீரு?

…அது வந்து. தானியேலையும் ரொம்பச் சொல்லக் கூடாதுதான். மனசு வரல வே. அம்புட்டுத் தெளிவு! ஒரு ‘ப’ வெடிக்கல. ‘ஆழ்ந்த வருத்தத்துடன்’ங்கும்போது தொண்டை லேசா கம்முச்சு பாரும்… பன்னெண்டு வருசத்துல நான் அப்படிப் பேசுனதே இல்ல. தானியேலும் கேக்கட்டுமேன்னு நாந்தான் அதையும் சேத்து ஏத்துனேன். அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்ல மறந்துட்டேன். சரி, என் தப்புதான். பத்து மணியில இருந்து பச்சத்தண்ணி எறங்கல. அவ வரலன்னா அந்த வீட்டுல நான் எப்படி இருப்பேன்?

முக்கூடல் தாண்டிட்டுல்லா? நீரு எங்கன எறங்கணும்? பாப்பாக்குடியா! அட, யாரு வீட்டுக்கு? …ஏன் என்னய அப்படிப் பாக்கீரு? மடியில என்ன, எலைப் பொட்டலம்… மாலையா? எங்க மாமனாருக்கா?

அடப் பாவி மனுசா. யாரு சொன்னா உமக்கு? காலைல அங்கன இருந்தப்ப நீரே காதால கேட்டுட்டு, டவுனுக்கு வந்து மாலை வாங்கிட்டுப் போறீராக்கும். தெளிவா இருந்துச்சா? …அத விடும். எந்திரிக்காதீரும், ஸ்டாப் இன்னும் வரல. மாலைய ஜன்னல் வழியா எறிஞ்சிராதீரும், இங்கன தாரும். உசுரோட இருக்குற மாமனாருக்கு மாப்ள மாலை போடப்பிடாதுன்னு சட்டமா இருக்கு? போட்டுருவேன் வே. மனுசன் மாலைக்குக் குனிவாரா, என்ன அடிக்கச் செருப்பு எங்கன்னு குனிவாரான்னுதான் தெரியல.