குளத்துச் சந்தில் கட்டிய மூங்கில்

1949ஆம் வருஷம் நவம்பர் மாதம் 4ஆம் தேதி காலை, போலீஸ் நிலையத்தில் சப் இன்ஸ்பெக்டர் முன்பாகச் சொல்லி எழுதிக்கொள்ளப்பட்டது.

என் பெயர் சுந்தரவல்லி. காலஞ்சென்ற அய்யாதுரையின் மனைவி. வயது நாற்பத்தெட்டு இருக்கலாம். ஜாகை மந்தைவெளி, செட்டித் தோட்டச் சந்து. தொழில் பூ வியாபாரம். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. நான் யார் தூண்டியும் இங்கே வரவில்லை. நேற்று முன் தினமே வந்து சொல்லப் பார்த்தேன், கூட்டமாக இருக்கிறது, பிறகு வா என்று அனுப்பிவிட்டார்கள். இன்று உட்காரச் சொல்கிறார்கள், நான் நின்றுகொண்டே சொல்லுகிறேன்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் போகும் சந்தின் முனையில் கூடை வைத்துப் பூ விற்கிறேன். சென்ற ஆவணி மாதம் அந்தச் சந்தில் வீடு உள்ளவர்கள் சிலர் கூடி நலக் கமிட்டி என்று ஒன்று ஆரம்பித்தார்கள். அதற்குக் காரியதரிசி வேதாந்தம் என்பவர், சர்க்கார் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர்கள் வாடகைக் காரில் வந்து குளத்தைப் படம் பிடித்துக்கொண்டு போவது வழக்கம். இனி அயல்நாட்டார் சந்துக்குள் வருவதானால் தலைக்கு ஒரு ரூபாய் நுழைவு வரி கட்ட வேண்டும் என்று கமிட்டியார் பலகை எழுதி மாட்டினார்கள். அதன் பிறகு சந்து முனையில் ஒரு கவட்டுக் கம்பத்தின் மேல் மூங்கிலைக் குறுக்கே போட்டு, அதன் குட்டை முனையில் உடைந்த அம்மிக்கல் ஒன்றைக் கட்டி, நீள முனையைக் கயிற்றால் ஒரு முளையில் கட்டினார்கள். கயிற்றை அவிழ்த்தால் கல் இறங்கும், மூங்கில் மேலே போகும். அந்த முளை என் கூடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சீட்டுக் கொடுத்து மூங்கிலைத் தூக்கி விட ராஜரத்தினம் என்பவரை வைத்தார்கள். உள்ளூர் ஜனங்கள் ஓரமாக நுழைந்து போவார்கள், அவர்களை யாரும் கேட்பதில்லை.

இந்த வரியில் பாதிப் பேருக்குச் சந்தோஷம். "இத்தினி நாளு நம்ம கைல வாங்கினானுங்கோ, இப்ப அவுனுங்க குடுக்கட்டும்" என்று வண்டிக்காரர்கள் சொன்னார்கள். எனக்கும் சந்தோஷம்தான், மறைக்கவில்லை. முதல் வெள்ளைக்காரர் ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்கியபோது நானும் கைதட்டினேன். மாலை வாங்கும் வெள்ளைக்காரர்கள் பலகையைப் படித்துவிட்டு முனையோடு காரைத் திருப்பிக்கொண்டு போக ஆரம்பித்த பிறகு, கொஞ்சம் அவசரப்பட்டுக் கைதட்டிவிட்டோம் என்று பட்டது.

அதன் பிறகு ஒரு நாள் மந்தைவெளியில் குடியிருக்கும் ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரம்மா ஒருவர் கறிகாய்ப் பையோடு வந்தபோது, தோலைப் பார்த்து ராஜரத்தினம் சீட்டுக் கேட்டார். "டேய், நான் பொறந்தது இங்க, என் புருசன் ரயில் ஓட்னது இங்க, இன்னாத்துக்குடா வரி?" என்று அந்த அம்மாள் பையை ஓங்கியதும் அவர் கயிற்றை அவிழ்த்துவிட்டார். எல்லாரும் சிரித்தோம். அப்போதே ஏதாவது சொல்லியிருக்க வேண்டும், யாருக்கும் தோன்றவில்லை.

இந்த வழக்கில் காவலில் இருக்கும் ஷரஃபுதீன் அந்தச் சந்தில் தகரப் பெட்டி செய்பவர். அவர் தகப்பனாரும் அங்கேயே இருந்தவர். ஷரஃபுதீனின் தங்கை அஃப்சருன்னிசா பிறந்தபோது மருத்துவச்சிக்கு வெந்நீர் காய்ச்சிக் கொடுத்தது என் தாயார். அஃப்சருன்னிசாவை யுத்தத்துக்கு முன்னால் கொழும்பில் கட்டிக்கொடுத்தார்கள். யுத்த காலத்தில் அவள் தாயார் சகினா பீ இறந்தபோது கப்பல் இல்லை, அவளால் வர முடியவில்லை. மொகரம் பத்தாம் நாள் முஸ்லிம்கள் கை உருவம் வைத்த பஞ்சாவைக் கொட்டு முழக்கத்தோடு குளத்துக்கு எடுத்துப்போய்த் தண்ணீரில் நனைத்துவிட்டுத் திரும்புவார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளாக இது நடக்கிறது, அன்று நல்ல வியாபாரமும் உண்டு. பஞ்சா நனையும்போது அந்தத் தண்ணீரில் ஒரு செம்பு எடுத்துத் தாயார் கபரில், புதைத்த இடத்தில், தெளிப்பது அந்த வீட்டு வழக்கம். சகினா பீ தன் தாயாருக்கு அப்படிச் செய்ததை நான் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யத்தான் அஃப்சருன்னிசா இந்த வருஷம் மாமியாரையும் கூட்டிக்கொண்டு கடல் தாண்டி வந்தாள்.

நேற்று முன் தினம் மாலை பஞ்சா சந்து முனைக்கு வந்தபோது ராஜரத்தினம் மூங்கிலைத் தூக்கி, எல்லாரும் போன பிறகு மறுபடி கட்டினார். ஷரஃபுதீன் முன்னால் போய்விட்டார். பின்னால் ஒரு பெண் கையில் செம்போடு தனியாக வந்தாள். முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "அஃப்சரு! கொழும்புலேந்து எப்ப வந்தே கண்ணு? இன்னா இப்டி எளச்சி கீறே!" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டேன். நான் கத்தாமல் இருந்தால் அவள் சேலையைப் பார்த்து உள்ளூர்க்காரி என்று விட்டிருப்பார்கள். ராஜரத்தினம் நிமிர்ந்து பார்த்தார். அதன் பிறகு, கொழும்பு என்றால் அயல்நாடு, சீட்டு வாங்க வேண்டும் என்றார்.

நான் என் முந்தானையில் இருந்து ரூபாயை அவிழ்த்தேன். அஃப்சருன்னிசா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரூபா என்கிட்டயே கீது சுந்தரிக்கா. குடுத்தா நான் இந்த ஊருக்காரி இல்லன்னு நானே ஒத்துக்கினா மாரி ஆவாதா? அம்மா கபருக்கு அந்தச் சீட்ட வச்சிக்கினு போவவா?" என்றாள். அவள் அழவில்லை. செம்பை மட்டும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு இருந்தாள். ராஜரத்தினம், "நான் இன்னா பண்றதும்மா, காரியதரிசி சொன்னா தூக்கிடறேன்" என்றார். அவர் மேல் எனக்கு விரோதம் கிடையாது.

யாரோ போய்ச் சொல்லி வேதாந்தம் வந்தார். "ரூபா பெரிசில்லை. ரூல்னு ஒண்ணு போட்டாச்சு, வெள்ளைக்காரன் குடுத்துண்டு போறான். கொழும்பு இப்போ வேற தேசம்தானே? இவாளை விட்டா நாளைக்கு அவன் கேக்க மாட்டானா?" என்று அமைதியாகத்தான் சொன்னார். அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அதற்குள் ஷரஃபுதீன் கூட்டத்தில் இருந்து திரும்பி ஓடி வந்து, மூங்கிலுக்கு அந்தப் பக்கம் நின்று அதன் மேல் கை வைத்துக்கொண்டு, "சாமி, இவ பொறந்தது உங்க வூட்டுக்கு எதிர் வூட்ல. நீங்க பாத்துக்கினு இருக்க வளந்தவ" என்றார். வேதாந்தம், "தெரியும்ப்பா. நான் இல்லேன்னு சொன்னேனா?" என்றார். அப்போது குளத்தின் பக்கம் கொட்டு வேகமாக அடித்தது. பஞ்சா படி இறங்கும்போது அப்படித்தான் அடிப்பார்கள். அஃப்சருன்னிசா அந்தப் பக்கம் பார்த்தாள். நான் வாயைத் திறந்ததால் வந்த வினை, நான்தான் தீர்க்க வேண்டும் என்று தோன்றியது.

வாழைநார் கிழிக்கும் கத்தி என் மடியில் இருந்தது. முளையில் கட்டியிருந்த கயிற்றை நான் அறுத்தேன். எல்லாரும் பேசிக்கொண்டு இருந்ததால் யாரும் கீழே பார்க்கவில்லை. மூங்கில் ஷரஃபுதீன் கையை உதறிக்கொண்டு மேலே போயிற்று. ராஜரத்தினம் அந்நேரம் வழக்கமான இடத்தில் இல்லாமல் கல் கட்டிய முனையில் நின்றுகொண்டு இருந்தார், நான் கவனிக்கவில்லை. அம்மிக்கல் இறங்கி அவர் வலது பாதத்தில் விழுந்தது. அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கயிற்றை அறுத்ததற்கு நான் வருத்தப்படவில்லை. அவர் காலுக்கு வருத்தப்படுகிறேன், ஆஸ்பத்திரியில் போய் அவரிடமே சொன்னேன்.

வழி திறந்துவிட்டது. "ஓடு அஃப்சரு, ஓடு" என்றேன். அவள் இரண்டடி போனாள். அதன் பிறகு திரும்பி வந்து தரையில் உட்கார்ந்து ராஜரத்தினத்தின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பூவுக்குத் தெளிக்க நான் வைத்திருந்த பானையில் அந்தச் செம்பை முக்கி ரத்தத்தைக் கழுவினாள், தலையில் போட்டிருந்த துணியைக் கிழித்துக் கட்டினாள். அவள் கட்டி முடிப்பதற்குள் பஞ்சா நனைந்து திரும்பி எங்களைத் தாண்டிப் போயிற்று.

அதன் பிறகு கான்ஸ்டபிள் வந்து மூங்கிலைத் தள்ளியது யார் என்று கேட்டார். ஷரஃபுதீன் கைதான் மூங்கிலில் இருந்தது என்று வேதாந்தம் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, அவர் பார்த்தது அவ்வளவுதான். நான் வாயைத் திறப்பதற்குள் ஷரஃபுதீன் என் பக்கம் குனிந்து, "அக்கா, கத்திய கூடைல போட்டுடு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கான்ஸ்டபிளிடம், "ஆமா, என் கைதான்" என்றார். அவர் குனிந்து பேசியதால்தான் அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. நான்தான் அறுத்தேன் என்று கத்தினேன், அந்தக் கூச்சலில் யார் காதிலும் விழவில்லை.

இதைச் சொன்னால் வழக்கு என் மேல் திரும்பும் என்று சப் இன்ஸ்பெக்டர் எச்சரித்தார். அதற்காகத்தான் வந்திருக்கிறேன் என்று சொன்னேன். அஃப்சருன்னிசாவும் மாமியாரும் இன்று சாயங்காலம் எழும்பூரில் கொழும்புக் கப்பலுக்குப் போகும் போட் மெயில் ரயில் ஏறுகிறார்கள். அதற்குள் ஷரஃபுதீனை விட வேண்டும், தங்கையை ரயில் ஏற்றிவிட இங்கே வேறு யாரும் இல்லை. கத்தியைக் கொண்டு வந்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று எழுதிக்கொள்ள வேண்டும். நேற்று அஃப்சருன்னிசா அந்தச் செம்பைத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். அடுத்த வருஷம் வருவேன் என்று அவள் சொல்லவில்லை. "உன்ன யாரும் சீட்டு கேக்க மாட்டாங்க சுந்தரிக்கா. அடுத்த மொகரத்துக்கு நீயே மொண்டுக்கினு போய் அம்மாவுக்குத் தெளிச்சிடு" என்றாள். சரி என்று சொல்லியிருக்கிறேன். ஆகையால் கோர்ட்டில் எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுக்கட்டும், ஆனால் அடுத்த மொகரம் பத்தாம் நாளுக்கு முன்னால் என்னை வெளியே விட்டுவிட வேண்டும்.

நான் சொன்னதை வாசித்துக் காட்டக் கேட்டேன். கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. எல்லாம் நடந்தது நடந்தபடி.

சுந்தரவல்லி, இடது கைப் பெருவிரல் ரேகை.

நார் கிழிக்கும் கத்தி ஒன்று பெற்றுக்கொள்ளப்பட்டது. பித்தளைச் செம்பு ஒன்றையும் சாட்சியப் பொருளாகக் கேட்டதற்கு, கொடுக்க மறுத்துவிட்டார்.