குறை இல்லாத இருபத்து மூன்று நிமிடங்கள்

எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடினால் டிவி கேட்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழு மணிக்கு முன்பே விஜயராணி சட்னி அரைத்து முடித்துவிடுவாள். அன்றும் ஆறே முக்காலுக்குக் கரண்டியில் கொஞ்சம் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"உப்பு போதுமான்னு பாருங்க."

"போதும்."

ஒரு வாரத்தில் நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. கடைசி வார்த்தையும் அதுதான்.

இதை எழுதச் சொன்னவன் அவளுடைய தம்பி பேச்சிராஜா. செம்பூரில் ரேடியேட்டர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். கோபக்காரன், ஆனால் நியாயமானவன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போனதும், மாட்டுங்காவில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில், நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தான்.

"அத்தான், அக்கா ஒங்கள எத்தன மணிக்குக் கூப்பிட்டா?"

"எட்டேகால் இருக்கும்."

"டாக்டர் வேற மாதிரில்லா சொல்லுதாரு. வலி வந்து அர மணி நேரத்துக்கு மேல இருக்கும், சட்டுனு கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாம்ங்காரு."

"டாக்டர் இங்க இல்லையே, பேச்சி."

"நீங்க இருந்தியள்லா."

அவன் விடவில்லை.

"பக்கத்து வீட்டு மெஹக் சொல்லுது, எட்டு மணிக்கு முன்னாடியே டிவி சத்தம் திடீர்னு கூடிச்சாம். எதுக்குக் கூட்டுனிய?"

"மிருதங்கம் கேக்கல. அந்தச் சேனல்ல எப்பவும் அப்படித்தான்."

"எழுதித் தாங்க அத்தான். வாயால கேட்டா ராகம், தாளம்னு எங்கயாவது போயிருவிய."

அவன் சொன்னது சரி. துறைமுகக் கிடங்கில் முப்பத்து நான்கு வருஷம் சரக்குப் பதிவேடு எழுதியவன் நான். எழுதும்போது எனக்குப் பொய் வராது.

முதலில் அந்தச் சேனலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேச்சிராஜாவுக்கு இது வேண்டாத பேச்சாகத் தோன்றும். ஆனால் இது இல்லாமல் மற்றது விளங்காது.

ஞாயிறு ஏழு முதல் எட்டரை வரை கர்நாடக சங்கீதக் கச்சேரி. தொடங்கிய காலத்தில் தம்பூரா சத்தத்திலிருந்து மங்களம் வரை அப்படியே காட்டினார்கள். பிறகு பட்டுப்புடவைக் கடையின் விளம்பரம் வந்தது. பாடகியின் முகத்தைவிட முந்தானையைக் காமிரா அதிகம் பார்த்தது. வயலின்காரரின் வில் இருக்க வேண்டிய இடத்தில் சேனலின் முத்திரை வந்து உட்கார்ந்தது. தொகுப்பாளினி காம்போதியை ஹரிகாம்போதி என்றாள். எல்லாவற்றிலும் மோசம் தனி ஆவர்த்தனத்துக்கு நேர்ந்தது. பாடுகிறவர் நிறுத்திக்கொள்ள, மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் பகுதி அது. சபாவில் பாதிப் பேர் காபிக்கு எழுந்து போவது அப்போதுதான். நான் ஒரு நாளும் எழுந்ததில்லை. ஒரு மனிதன் முதுகுகளைப் பார்த்து வாசிக்கும்படி விடக் கூடாது. சேனல் இன்னும் ஒரு படி மேலே போனது. மிருதங்கத்தில் கை விழுந்ததும் விளம்பரம். விளம்பரம் முடிந்தால் மங்களம்.

போன வருஷம் லண்டனுக்குப் பக்கத்தில் மகள் கலைச்செல்வி வீட்டில் நான்கு மாதம் இருந்தோம். அங்கேயாவது ஒழுங்காக இருக்கும் என்று நினைத்தேன். சிம்பொனியில் ஒரு பாகத்தை மட்டும் காட்டிவிட்டு, இரண்டு பேர் சோபாவில் உட்கார்ந்து, அதைக் கேட்டுத் தாங்கள் அழுததைப் பற்றிப் பேசினார்கள். வாசித்ததைவிட அழுததே அதிக நேரம்.

"அப்பா, இங்கயும் நோட்டோட உக்காந்துட்டீங்களா?" என்றாள் மகள்.

"வெள்ளக்காரனுக்கே மெமோ குடுக்கப் போறாவ ஒங்கப்பா" என்றாள் விஜயராணி. இருவரும் சிரித்தார்கள். நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

அந்த நோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் எழுதுகிறேன். ஒரு பத்தியில் நேரம், அடுத்ததில் சேனலின் குறை, மூன்றாவதில் வீட்டு இடையூறு. வீட்டில் எழும் சத்தத்துக்குச் சேனலைப் பழி சொல்லக் கூடாது என்பதற்காக அந்த மூன்றாவது பத்தி. சிலிண்டர் வந்திருக்கிறது, பால் பொங்குகிறது, மெஹக் சாவி கேட்கிறாள். விஜயராணி கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் அதில் இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் இருநூற்றுப் பன்னிரண்டு. அதில் நூற்று எழுபதுக்கு மேல் தனி ஆவர்த்தனம் வர வேண்டிய நேரத்தில். விளம்பரம் எத்தனை விநாடி என்று நான் எண்ணிக்கொண்டிருக்கும் நேரம் அது. இது தற்செயலாக இருக்க முடியாது என்று முடிவு செய்தேன். அவள் வேண்டுமென்றேதான் கூப்பிடுகிறாள். இந்தச் சந்தேகம் எனக்குள் நாலைந்து வருஷமாக இருந்தது. அவளிடம் கேட்டதில்லை.

ஏறக்குறைய இரண்டு வருஷமாக, குறைகளைத் தொகுத்து மாதம் ஒரு கடிதம் சேனலுக்கு எழுதினேன். தபாலில் சேர்க்கச் சொல்லி அவளிடம் கொடுத்தேன். பதில் வந்ததே இல்லை. அவள் இறப்பதற்கு முந்தின ஞாயிறு, ஏதோ ரசீது தேடப் போய், அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு பையைப் பார்த்தேன். பத்தொன்பது கடிதங்கள். ஒன்றும் போகவில்லை.

அவள் மறைக்கவில்லை. "அதுல 'செவிட்டுக் கூட்டம்'னு எழுதியிருக்கிய. அத எவன் படிப்பான்? காலிபீலி, சும்மா ஒங்க பேருதான் கெடும். நான் பக்குவமா ஒண்ணு எழுதிப் போட்டிருக்கேன்."

நான் அதை நம்பவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

இனி அந்த ஞாயிறு. கல்யாணியில் விரிவான ஆலாபனை, பிறகு கீர்த்தனை. 7.53க்குப் பாடகி மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தாளத்தை மட்டும் போட்டார். நான் விளம்பரத்துக்காகப் பென்சிலை எடுத்தேன். விளம்பரம் வரவில்லை. காமிரா மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையில் நின்றது. அங்கேயே இருந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவை.

7.54க்கு அவள் கூப்பிட்டாள். "என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க." வலது கையால் தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். இடது கையைத் தூக்கி, பொறு என்று காட்டினேன். அடுப்படி வாசலிலிருந்து அவள் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

7.58க்கு மறுபடி. "நெஞ்ச என்னமோ செய்யுதுங்க." குரல் சின்னதாக இருந்தது. சின்னக் குரலில் கூப்பிட்டால் நான் வருவேன் என்று அவளுக்குத் தெரியும் என நினைத்துக்கொண்டேன். ரிமோட்டை எடுத்தேன். இருபத்திரண்டில் இருந்த சத்தம் முப்பத்தொன்றுக்குப் போனது.

8.06க்கு எவர்சில்வர் டம்ளர் விழுந்து உருண்டது.

8.16க்கு மிருதங்கத்தின் கடைசிக் கோர்வை முடிந்து, பல்லவியைத் திரும்ப எடுத்தார்கள். 8.17க்கு நான் எழுந்தேன். அவள் சிலிண்டரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்து, "முடிஞ்சிட்டா?" என்றாள். தலையசைத்தேன். மெஹக்கின் கதவைத் தட்டினேன். இருவருமாக நாற்காலியில் வைத்து இறக்கினோம். டாக்ஸி கிங்ஸ் சர்க்கிள் சிக்னலைத் தாண்டுவதற்குள் அவள் கை குளிர்ந்துவிட்டது.

அன்று திரும்பி வந்தபோது ஒன்றைக் கவனித்தேன். அடுப்பு அணைந்திருந்தது. கல்லில் ஒரு தோசை பாதி வேகாமல் அப்படியே காய்ந்திருந்தது. ஏழரைக்கு வார்த்த தோசை அது. வாசனை வந்து பிறகு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. டாக்டர் சொல்லும் நேரமும் ஒத்துப்போகிறது. ஏழரை மணிக்கு வந்த வலியை வைத்துக்கொண்டு அவள் 7.54 வரை ஏன் கூப்பிடவில்லை என்று பல நாள் யோசித்தேன்.

மிருதங்கம் தொடங்கினால் விளம்பரம். விளம்பரத்தின்போது கூப்பிட்டால் எனக்குத் தொந்தரவில்லை. ஒன்பது வருஷமாக அவள் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறாள். நூற்று எழுபது தடவை.

போன செவ்வாய்க்கிழமை ஒரு தபால் வந்தது. திருமதி விஜயராணி பெயருக்கு, அந்தச் சேனலிலிருந்து. அவள் இறப்பதற்கு ஐந்து நாள் முந்தின தேதி. அவளுடைய கடிதத்தைத் தங்கள் கூட்டத்தில் வாசித்ததாகவும், 'என் கணவர் திட்டுவது அக்கறையால்தான்' என்ற வரி எல்லாரையும் தொட்டதாகவும், வரும் ஞாயிறு கச்சேரியைத் தனி ஆவர்த்தனத்தில் விளம்பரம் இல்லாமல் காட்டப்போவதாகவும் எழுதியிருந்தார்கள். இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை. தபால் நேரத்தோடு வந்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும், ஏழரைக்கே கூப்பிட்டிருப்பாள். ஆக இதில் தபாலின் தாமதமும் இருக்கிறது என்பதைப் பேச்சிராஜா கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நோட்டின் அந்தப் பக்கத்தை இத்துடன் வைக்கிறேன். மூன்றாவது பத்தியில்: 7.54, மனைவி. 7.58, மனைவி. 8.06, டம்ளர். அவற்றுக்கு நேரே, சேனலின் குறைகளுக்கான பத்தியில், என் கையெழுத்தில்: 'மிருதங்கம் வெகு தெளிவு. குறை இல்லை.'

சத்தத்தை எதற்குக் கூட்டினேன் என்று அவன் கேட்டதற்கு அதுதான் பதில். மிருதங்கம் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவள் குரலும் கேட்டது.

நேற்று ஞாயிறு. ஏழு மணிக்கு டிவியைப் போட்டேன். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் விளம்பரம் போட்டார்கள். நூற்று நாற்பது விநாடி. எழுதிக்கொண்டேன். மூன்றாவது பத்தியில் எழுத ஒன்றும் இல்லை. சத்தம் முப்பத்தொன்றிலேயே இருக்கிறது.