மடித்துப் பிடித்த பக்கம்

என் பெயர் பொற்கொடி, வயது 36, கணவர் பெயர் சிலம்பரசன், 21-வது வட்டம், நெய்வேலி. ஒரு தனியார் புற்றுநோய் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் ஐந்து ஆண்டுகளாக கான்ட்ராக்ட் உதவியாளராக வேலை செய்கிறேன். இன்று 14.11.2018 காலை பதினொரு மணிக்கு, யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையம் வந்து கூறுவதாவது:

வயிற்றுப் புற்றுநோய்க்கான மருந்தைப் புகைபோல் வயிற்றுக்குள் தெளித்தால் அது எங்கெங்கே போய்ப் படிகிறது என்று எங்கள் கூடத்தில் சோதித்து வந்தோம். மனித வயிற்றுக்குப் பதிலாக மாட்டின் சிறுநீர்ப்பையை இறைச்சிக் கடையில் வாங்கி, கழுவி, வெளிப்புறம் உள்ளே வருமாறு திருப்பி, கண்ணாடி ஜாடிக்குள் கட்டித் தொங்கவிட்டு, மேலிருந்து மெல்லிய குழாயை இறக்கி, மருந்தோடு நீலச் சாயம் கலந்து தெளிப்பது என் வேலை. அதன் பிறகு பையை அறுத்து விரித்து, சாயம் பிடித்த இடங்களைப் பதிவேட்டில் எழுதுவேன். பத்தொன்பது முறை செய்ததில் பதினேழு முறை குழாய்க்கு நேர் கீழே மட்டும் கருநீலமாகவும், பக்கங்களில் திட்டுத்திட்டாகவும், மேற்பகுதி வெளுத்தும் இருந்தது. அப்படியே எழுதினேன். தலைமை ஆய்வாளர் டாக்டர் இனியன் அதைப் படித்துவிட்டு, "செத்த சதையில அப்படித்தாம்மா இருக்கும். உயிருள்ள வயித்துல எல்லாப் பக்கமும் போயிடும்" என்றார். உயிருள்ள எதிலும் நாங்கள் சோதித்ததில்லை.

அதன் பிறகு 27.08.2018 அன்று எங்கள் தெருவில் குடியிருந்த தங்கராசு, வயது 57, மனைவி மாணிக்கம்மாளுடன் எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். அவர் சுரங்கத்தில் என் கணவரோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். வயிற்றுச் சவ்வில் புற்றுநோய் பரவி, புதுச்சேரியில் நரம்பு வழியாக மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். டாக்டர் அவரிடம் தெளிப்புச் சிகிச்சை பற்றிச் சொல்லிவிட்டு, என்னைத் தனியே கூப்பிட்டு, "நல்ல பீஸா எடுத்துட்டு வா. வெளுத்தது தெரியாம பிடி" என்றார். அந்த மாதம் என் கான்ட்ராக்ட் முடிய இருந்தது. நான் ஒரு பையைத் தட்டில் விரித்துக் கொண்டுபோய், வெளுத்த பக்கத்தைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்திப் பிடித்து, தங்கராசுவிடம் மடித்துக் காட்டினேன்.

தங்கராசு டாக்டரை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "அவரு சொல்றது எனக்கு வெளங்கல. நீ சொல்லும்மா, உள்ளாற எல்லா எடத்துக்கும் மருந்து போவுதா?" என்று கேட்டார்.

"போவுது மாமா, நீங்களே பாருங்க" என்றேன்.

அவர் அங்கேயே சிகிச்சைக்கான சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு புதுச்சேரி மருந்தை நிறுத்திவிட்டு இரண்டு முறை தெளிப்புச் சிகிச்சை எடுத்துக்கொண்டார். இடையில் அந்தத் தட்டின் படத்தைச் சென்னையில் டாக்டர்கள் கூட்டத்தில் திரையில் போட்டதாகவும், எல்லோரும் கைதட்டியதாகவும் டாக்டர் இனியன் என்னிடம் சொன்னார். என் கான்ட்ராக்டும் நீட்டிக்கப்பட்டது. 28.10.2018 அன்று தங்கராசு வயிறு வீங்கி, தண்ணீரும் இறங்காமல், வீட்டில் இறந்துபோனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அதாவது நேற்று, மாணிக்கம்மாள் ஒரு தட்டில் வடையும் அதிரசமும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "கடைசி வரைக்கும் ஒன்னத்தான் சொல்லிக்கினு இருந்தாரு. பொற்கொடி கண்ணால காட்டுச்சு, எனக்குச் சரியாப் பூடும்னு. நீ இல்லன்னா அந்த ரெண்டு மாசம் தெம்பா இருந்திருக்க மாட்டாரும்மா" என்றார். நான் தட்டை வாங்கி, கழுவி, திருப்பிக் கொடுத்தேன்.

பத்தொன்பது சோதனைகளின் பதிவேட்டையும் இத்துடன் ஒப்படைக்கிறேன்.

நான் சொன்னதை எழுதியபின் எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதில் "மடித்துக் காட்டும்படி செய்யப்பட்டேன்" என்றிருந்த வரியை அடித்துவிட்டு, "மடித்துக் காட்டினேன்" என்று மாற்றச் சொன்னேன். மாற்றிய இடத்தில் சிறுகையொப்பம் இட்டுள்ளேன். இப்போது இதில் உள்ளது முழுவதும் உண்மை.

(ஒப்பம்) சி. பொற்கொடி